பனிக்காட்டில் இவர் கேட்டது

இவர் என்று நான் எழுதுவது என் கணவரைத்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பழக்கம் இல்லை. இந்த வயதில் எழுதிப் பழகவும் வெட்கமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில், புத்தூரில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள செம்மண்ணில் வெங்காயமும் மரவள்ளியும் வைக்கிற மனிதர். நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போவதில் பாதி அவரைப் பற்றிய குறைதான்.

குறை என்றால் ஊர் சிரிக்கிற குறை ஒன்றும் இல்லை. குடி, சீட்டு, கைநீட்டுவது எதுவும் கிடையாது. ஆனால் கல்யாணம் கட்டிய நாள் தொடக்கம் இது வேண்டும் என்று அவர் என்னிடம் ஒன்றையும் கேட்டதில்லை. என்ன கறி வைக்க என்றால், "உம்மடை விருப்பம்." அம்மா வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் நிற்கவா என்றால், "உம்மடை விருப்பம்." நான் ஒரு தபால் கந்தோரில் வேலை பார்த்தவள். மகள் பிறந்தபோது வேலையை விடவா, வைத்திருக்கவா என்று கேட்டேன். அதற்கும் அதே பதில். சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் உனக்கென்ன, தங்கமான மனுசன் என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். எதைக் கேட்டாலும் உன் விருப்பம் என்கிறவரோடு குடும்பம் நடத்தினால் எல்லா முடிவும் நம் தலையில்தான் வந்து விழும், பிழையாகப் போனாலும் நம் தலைதான். அது கூடப் பரவாயில்லை. ஒரு நாளாவது இந்த மனிதர் என்னை வேண்டும் என்று வாய் திறந்து கேட்கமாட்டாரா என்று ஓர் ஆசை எனக்கு இருந்தது. தலை நரைத்த பிறகும் அது போகவில்லை.

தை மாதம் நாங்கள் இருவரும் சுவிஸில் மகள் வீட்டில் நின்றோம். மலைகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பட்டணம். மகளுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில், மூத்தது இடுப்பை விட்டு இறங்காத வயது. எங்கள் இருவருக்கும் மூன்று மாத விசா கிடைத்திருந்தது. ஆனால் இவர் வெங்காயத்தைத் தம்பியாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். ஒரு மாதத்தில் திரும்புவதாகத்தான் இருவருக்கும் விமான ரிக்கற் போட்டிருந்தோம். திரும்புகிற நாள் நெருங்கிய நேரத்தில் மகள் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கையில் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நீங்கள் நில்லுங்கோ. பிள்ளை பிறந்த பிறகு போகலாம். அப்பா முதல் போகட்டும்."

மூத்ததை அவள் பெற்றபோது விசா கிடைக்காமல் நான் ஊரில் இருந்தேன். அவள் தனியே ஆஸ்பத்திரியில் கிடந்து பெற்றாள். இந்த முறை நிற்காவிட்டால் நான் என்ன தாய். ஆனால் இவருக்குப் போன வருஷம்தான் நெஞ்சில் வருத்தம் வந்து, யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். காலைக் குளிசையும் இரவுக் குளிசையும் நான் எடுத்து உள்ளங்கையில் வைத்தால்தான் வாய்க்குள் போகும். அந்த வீட்டில் தனியே இருந்து இரவில் ஒன்று நடந்தால் ஓடிவந்து பார்க்க யார் இருக்கிறார்கள். மகளோடு நிற்பதா, இவரோடு போவதா என்று நாள் முழுக்க இதே யோசனை. இவர் "வாரும்" என்று ஒரு சொல் சொன்னால் போய்விடுவேன், "நில்லும்" என்றால் மனம் ஆறி நிற்பேன். இரண்டில் ஒன்று அவர் வாயால் வரவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

"நீங்களே அப்பாவோடை கதையுங்கோ, தனிய எங்கையும் போய்க் கதையுங்கோ" என்றாள் மகள். அந்த வீட்டில் தனியாகக் கதைக்க இடம் இல்லை. குளியலறையில் இருந்து இருமினால் வரவேற்பறையில் கேட்கும்.

அதற்கு வழி சொன்னவர் மருமகன். அவர் அளவெட்டிப் பொடியன். தவில்காரர் நிறைந்த அந்த ஊரின் மேளச் சத்தத்துக்குள் வளர்ந்ததாலோ என்னவோ எதையும் உரக்கத்தான் சொல்லுவார். மலைக்கு மேலே ஒரு ஹோட்டலில் குசினி வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வரும்போது உங்களையும் காரில் ஏற்றி வருகிறேன், அதுவரைக்கும் நீங்கள் மலை ரயிலில் ஏறிப்போய் காட்டு வழியாக ஹோட்டலுக்கு நடந்து வாருங்கள் என்றார். பனிக்காலத்தில் அங்கே ஆட்கள் அப்படித்தான் நடப்பார்களாம். எங்களைவிட வயது போன கிழடுகள் எல்லாம் இரண்டு கையிலும் தடி ஊன்றிக்கொண்டு நடக்குமாம்.

ஞாயிறு காலை வேலைக்கு வெளிக்கிடும்போது திரும்பவும் சொன்னார். "மாமா, ராத்திரிப் புதுசா ஸ்னோ கொட்டியிருக்கு. வழி மூடிக் கிடக்கும். ஆனா வெளியான இடத்திலை, மேலை சிவப்பு அடிச்ச தடியள் நட்டிருக்கினம். தடி நிக்கிற வழியாலை நேர வந்தியளெண்டால் எங்கடை ஹோட்டல்தான்."

"ஓமோம்" என்றார் இவர்.

"நாங்கள் என்ன சின்னப்பிள்ளையளோ" என்றேன் நான்.

வெளிக்கிட்ட கூத்தைச் சொல்லவேண்டும். மகளுடைய நீளக் களிசான் ஒன்றை எனக்கு மாட்டிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து களிசான் போட்டவள் இல்லை நான். காலுக்குக் கால் துணி வந்து நிற்க, நடக்கிறபோது யாரோ இரண்டு பேர் என்னோடு வருகிற மாதிரி இருந்தது. அதற்கு மேல் ஒரு தடித்த ஜாக்கெட். இவருக்கு மருமகனுடைய உடுப்பு. கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு, தலைக்குக் குல்லா, கைக்கு உறை, காலுக்கு முழங்கால் வரைக்கும் சப்பாத்து. மூக்கு மட்டும்தான் புத்தூர் மூக்கு. எங்கள் ஊரில் பனிக்கு என்ன செய்வோம்? மார்கழி விடியலில் தலையில் ஒரு துவாயைப் போடுவோம், அவ்வளவுதான். இவர் அந்தத் துவாயையும் விடவில்லை. குல்லாவுக்குக் கீழே கட்டியிருந்தார். மகள் கண்டு சிரித்தாள். நான் ஒரு போத்தலில் பிளேன்ரீயும், ஊரிலிருந்து கொண்டுபோன பனங்கட்டியில் ஒரு துண்டும் எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

ரயில் எங்களை மேலே இறக்கிவிட்டுப் போனது. அதன் சத்தம் அடங்கியதும் என் காதை யாரோ பொத்திவிட்டார்களோ என்று நினைத்தேன். காகம் இல்லை, நாய் இல்லை, கோயில் ஒலிபெருக்கி இல்லை, பக்கத்துக் காணியில் தண்ணீர் இறைக்கும் மெஷின் இல்லை. ஊசி இலை மரங்கள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொரு கிளையும் தாங்கமாட்டாத பனியைத் தாங்கிக்கொண்டு கீழே வளைந்திருந்தது. சப்பாத்துக்குக் கீழே நறுக் நறுக் என்று மட்டும் கேட்டது. முதல் தடவை கேட்டபோது எதையோ உடைத்துவிட்டேன் என்று காலைத் தூக்கிவிட்டேன்.

இவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு. அதுவும் கல்யாணம் கட்டிய நாள் தொடக்கம் உள்ளதுதான். கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால் போவேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் பார்த்தது அவருடைய முதுகைத்தான் என்று மகளிடம் பகிடியாகச் சொல்லுவேன்.

கொஞ்சத் தூரம் போய் இவர் நின்றார். உறையைக் கழற்றி ஒரு பிடி பனியை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது உருகி விரல் இடுக்கால் ஒழுகியது.

"உவ்வளவு தண்ணியும் சும்மா கிடக்குதப்பா" என்றார். "உதிலை ஒரு லொறி எங்கடை கிணத்துக்குள்ளை கொட்டினாக் காணும்."

"சித்திரையிலை கேட்டுப் பாருங்கோ, அனுப்புவாங்கள்" என்றேன்.

சிரித்தார். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு கிளை பாரம் தாங்காமல் குலுங்கி, பனி முழுவதும் அவர் தலையில் கொட்டியது. குல்லா, துவாய், மீசை எல்லாம் வெள்ளை. நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தட்டிவிட்டேன். அவர் பேசாமல் குனிந்து நின்றார். இந்த மனிதரைத் தட்டித் துடைத்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். சந்தோஷமாக இருந்தது. இதுதான் சமயம் என்று பட்டது.

நடக்கத் தொடங்கியதும் அவர் முதுகிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ. பிள்ளை என்னை நிக்கச் சொல்லுறாள். குழந்தை பிறக்கும் வரைக்கும்."

முதுகு நிற்கவில்லை. "தெரியும். மருமேன் சொன்னவர்."

"அப்ப நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நறுக், நறுக். நாலைந்து அடி நடந்தார்.

"உம்மடை விருப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குளிரிலும் காது சுட்டது. "உங்கடை வாயிலை வேறை கதையே இல்லையோ? ஒரு மனிசி போறதோ நிக்கிறதோ எண்டு கேக்கிறன், அதுக்கும் அதே கதையோ?" என்றேன். அவர் பதில் சொல்லாதபோது இன்னும் இரண்டு சொல் எடுத்து எறிவது என் வழக்கம். அன்றைக்கு மனம் விட்டுப்போயிற்று. நீ பேசாவிட்டால் நானும் பேசமாட்டேன் என்று வாயைப் பூட்டிக்கொண்டேன். காடு முழுவதும் எங்கள் கோபத்தின் சத்தம்தான், நறுக் நறுக் என்று.

இப்படியே போக, மரங்கள் முடிந்து ஒரு வெளி வந்தது. ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மைதானம் அளவு இருக்கும். முழுவதும் வெள்ளை, ஒரு காலடி இல்லை. அதன் நடுவால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், தலையில் சிவப்பு அடித்த தடிகள் வரிசையாக நட்டிருந்தன. இடது பக்கத்தில் வேறு ஒரு வழியாக, யாரோ ஓர் ஆள் நடந்துபோன ஆழமான காலடிகள் மரங்களுக்குள் இறங்கிப் போயின.

இவர் நின்றார். நானும் பின்னால் நின்றேன். தடிகளைப் பார்த்தார். காலடிகளைப் பார்த்தார். பிறகு இடது பக்கம் திரும்பி அந்தக் காலடிகளுக்குள் தன் காலை வைத்து நடந்தார். நானும் அவருடைய காலடிகளுக்குள் என் காலை வைத்துப் போனேன். மற்ற நாள் என்றால் ஏன் அங்காலை போறியள் என்று கேட்டிருப்பேன், கேட்டிருந்தால் மருமகன் சொன்னது யாராவது ஒருவருக்கு ஞாபகம் வந்திருக்கும். ஆனால் நான் வாயைப் பூட்டியிருந்தேன். அதோடு, உண்மையைச் சொன்னால், அந்தப் பக்கம் திரும்பியது பிழை என்று எனக்கும் தோன்றவில்லை. அதுதான் சரியான வழி என்றே என் காலுக்கும் பட்டது. ஏன் என்று பிறகுதான் விளங்கியது.

காலடிகள் இறக்கத்தில் வளைந்து வளைந்து போயின. வெகுநேரம் நடந்தோம். கடைசியில் அவை மரப்பலகையால் அடித்த ஒரு தொட்டியின் முன் வந்து நின்றன. தொட்டிக்கு மேலே சின்னக் கூரை, உள்ளே காய்ந்த புல். பனிக்காலத்தில் மான்களுக்குத் தீன் வைக்கிற இடமாக இருக்கவேண்டும். யாரோ வந்து புல்லைப் போட்டுவிட்டு, வந்த காலடியிலேயே திரும்பிப் போயிருக்கிறான். அதனால்தான் தடம் அவ்வளவு ஆழம்.

இவர் ஒரு பிடி புல்லை எடுத்து முகர்ந்து பார்த்தார். "நல்லாக் காய வைச்சிருக்கிறாங்கள்" என்றார். வழி தவறிக் காட்டுக்குள் நிற்கிறோம், மனிதர் புல்லின் பதம் பார்க்கிறார்.

"பாதை எங்கை?" என்றேன். பூட்டைத் திறக்கவேண்டி வந்துவிட்டது.

"உதோடை முடியுது."

அப்போது பனி கொட்டத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டாக, பிறகு மா அரித்துவிட்டது போல. மருமகன் தந்த கைத்தொலைபேசி இவருடைய உள்சட்டைப் பையில் இருந்தது. உறையைக் கழற்றி, ஜாக்கெட்டைத் திறந்து, கம்பளிச் சட்டையை உயர்த்தி ஒருவாறு எடுத்தார். குளிருக்கோ என்னவோ அது செத்துப்போயிருந்தது. அழுத்தினார், குலுக்கினார், ஊதியும் பார்த்தார்.

"வந்த அடியிலை திரும்புவம்" என்றார்.

இறங்கும்போது தெரியாத தூரம் ஏறும்போது தெரிந்தது. எங்கள் காலடிகளைப் பனி மெல்ல மெல்ல நிரப்பிக்கொண்டிருந்தது. மரத்துக்குக் கீழே தடம் தெரியும், மரம் இல்லாத இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் மட்டும்தான். இவர் குனிந்து குனிந்து பார்த்து ஏறினார். ஓரிடத்தில் நின்றார். கையை எடுத்து நெஞ்சில் வைத்தார்.

நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். பனிக்குள் எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. "என்ன செய்யுது? நோகுதோ?"

"ஒண்டுமில்லை. மூச்சு வாங்குது."

"குளிசை போட்டனியளோ காலமை?"

"நீர்தானே தந்தனீர்."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இமையில் பனி விழுந்து விழுந்து உருகியது. மூச்சு மெல்ல ஆறியது. புத்தூரில் வெங்காயப் பாத்திக்கு நடுவில் இப்படிக் கையை நெஞ்சில் வைத்து நின்றால், என்ன செய்யுது என்று கேட்க யார் இருப்பார்கள் என்ற எண்ணம்தான் எனக்கு. அந்த நிமிஷத்தில் முடிவு எடுத்துவிட்டேன். மகள் கோபித்தாலும் பரவாயில்லை, நான் இவரோடு போகிறேன். அவர் கேட்காவிட்டாலும் போகிறேன்.

மெதுவாக ஏறி அந்த வெளிக்குத் திரும்பி வந்தோம். சிவப்புத் தலைத் தடிகள் அப்படியே வரிசையாக நின்றன. அவற்றைக் கண்டதும்தான் மருமகனுடைய குரல் என் காதில் விழுந்தது.

"தடி நிக்கிற வழியாலை வரச் சொன்னவரெல்லோ" என்றேன். "இந்தத் தடியளைத்தானே சொன்னவர்."

நான் அவரைத் தாண்டி வெளியில் இறங்கக் காலைத் தூக்கினேன். என் ஜாக்கெட்டின் கை இறுகியது. பிடித்து இழுத்திருந்தார், நான் விழப்பார்த்தேன்.

"நில்லும்."

திரும்பி முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

வசாவிளான் பக்கத்தில் இவருக்குத் தகப்பன்வழிக் காணி ஒன்று இருக்கிறது. இராணுவம் பிடித்து வைத்திருந்து பல வருஷத்துக்குப் பிறகு விட்ட காணி. பார்க்கப் போன அன்று பக்கத்துக் காணிகளில் மிதிவெடி எடுக்கிற வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தது. தலையில் சிவப்பு அடித்த தடிகள் வரிசையாக நட்டிருந்தார்கள். சிவப்புத் தடி நிற்கிற இடத்தில் கால் வைக்கவேண்டாம், ஆள் நடந்த தடத்தில் மட்டும் நடவுங்கள் என்று அங்கே வேலை செய்த பெண்பிள்ளை ஒருத்தி திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கள் காணி துப்புரவாகிவிட்டது என்று சொன்னார்கள், ஆனாலும் இவர் என்னை றோட்டிலேயே நிற்கவைத்தார். தான் முதலில் உள்ளே போய், ஒவ்வொரு அடியாக வைத்து, கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். பிறகுதான் என்னைக் கூட்டிப்போனார், என்ரை அடியிலை வையும் என்று. அன்றைக்குப் பார்த்த முகம்தான் இது.

பாதையைக் காட்ட நட்ட தடிகளைக் கண்டு பாதையை விட்டு ஓடியிருக்கிறோம், இரண்டு பேரும், ஒரு சொல்லும் பேசாமல். யாரோ மானுக்குப் புல் வைக்கப் போனவனுடைய காலடியை நம்பிக் காட்டுக்குள் இறங்கியிருக்கிறோம்.

"இது சுவிஸ் அப்பா" என்றேன்.

"தெரியும். தலைக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கினால் கண்ணால் தண்ணீர் வருகிறது. அவருக்கும் சிரிப்பு. மலை உச்சியில் பனிக்குள் நின்றுகொண்டு இரண்டு கிழடுகள் சிரித்ததை யாராவது கண்டிருந்தால் பைத்தியம் என்று பிடிக்க ஆளை அனுப்பியிருப்பார்கள்.

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு இவர் சொன்னார். "நான் முன்னுக்குப் போறன். என்ரை அடியிலை வையும்."

வெறும் பனிதானே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் முதல் தடிக்குப் பக்கத்தில் காலை வைத்தார். கொஞ்சம் நின்றார். அடுத்த அடி. நான் அவருடைய ஒவ்வொரு பள்ளத்திலும் என் சப்பாத்தை வைத்து, அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அந்த வெளியைக் கடந்தேன்.

அங்காலைப் பக்கம் மரங்களுக்குள் இறங்கியதும் ஹோட்டலின் கூரையும் புகைபோக்கியும் கீழே தெரிந்தன. வழியோரத்தில் கூரை போட்ட ஒரு வாங்கு இருந்தது. உட்கார்ந்தோம். போத்தலைத் திறந்து பிளேன்ரீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். பனங்கட்டி கல்லாகிப்போயிருந்தது. கடித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்புக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

நான் போகிறேன் என்று எடுத்த முடிவைச் சொல்ல நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார். என்னைப் பார்க்காமல், தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"அண்டைக்கு அந்தக் காணிக்குள்ளை நான் முதல் போனது வீரத்திலை எண்டு நினைச்சீரோ?"

"பின்னை?"

"எனக்கு ஒண்டு நடந்தா நீர் எப்பிடியும் சமாளிப்பீர். உமக்கு ஒண்டு நடந்தா நான் சமாளிக்கமாட்டன். அதுதான்." தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்தார். "எப்பவும் அதுதான்."

இத்தனை வருஷம் நான் பார்த்து நடந்த முதுகு அது. அது ஆணுடைய பழக்கம் என்று நினைத்தேன், ஊர் வழக்கம் என்று நினைத்தேன். சில நாள் திமிர் என்றும் திட்டியிருக்கிறேன்.

"பிள்ளையோடை நீர் நிக்கத்தான் வேணும்" என்றார். "அது எனக்குத் தெரியாமல் இல்லை. மூத்ததைப் பெறேக்கை அவள் தனியக் கிடந்தவள். ஆனா நான் ஒண்டும் கேக்காமல் போனனெண்டால், அந்த மனுசன் ஒருநாளும் ஒண்டும் கேக்கேல்லை எண்டு சாகும் வரைக்கும் சொல்லுவீர்."

"சொல்லுவன்தான்."

மூடியை வாங்கில் வைத்தார். உறையைக் கழற்றினார். என் உறையையும் கழற்றி என் கையைப் பிடித்தார். அவருடைய கை ஐஸாக இருந்தது.

"என்னோடை வாரும்" என்றார். "எனக்குத் தனிய இருக்க ஏலாது."

கேட்டுவிட்டார். நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான், வேறு ஒரு சொல்லும் கூட வேண்டாம். ஒரு மணித்தியாலத்துக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே வருகிறேன் என்று சொல்லியிருப்பேன். அவர் நெஞ்சில் கையை வைத்து நின்றபோது கேட்காமலே போகத்தான் இருந்தேன். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தபிறகு என் மனம் வேறு மாதிரி ஆகிவிட்டது. இந்த மனிதருக்கு நான் வேண்டும், அது எனக்குத் தெரிந்துவிட்டது, இனி அதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அங்கே கீழே என் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் என்ன முடிவோடு வருகிறோம் என்று பார்த்திருக்கிறாள். நிற்கிற தைரியம் எனக்கு அந்த வாங்கில்தான் வந்தது.

"வரமாட்டன்" என்றேன்.

"ஓம்" என்றார். கையை விடவில்லை.

"தம்பியார் வீட்டிலை சாப்பிடுங்கோ. ராத்திரியிலை அவரின்ரை மகன் வந்து படுக்கட்டும். குளிசைக்கு நான் போன் எடுப்பன்."

"ஓம்."

"ஓமெண்டு சொல்லிப்போட்டுப் போடாமல் விடக்கூடாது."

"உம்மாணை."

கீழே ஹோட்டல் வாசலில் நின்று மருமகன் கத்துவது எங்களுக்குக் கேட்டது. மலைக்கு அங்காலையும் கேட்டிருக்கும். இவ்வளவு நேரமும் எங்கே போனீர்கள், உங்களைத் தேட ஆள் அனுப்பப் பார்த்தேன் என்று ஒரே சத்தம். புதுப் பனியில் வழி தெரியவில்லை என்று இவர் சொன்னார். நானும் ஆம் என்றேன். தடிகளைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. மருமகன் தந்த சூப்பைக் குடித்துவிட்டுக் காரில் ஏறினோம். அன்றைக்கு இவர் முன் ஆசனத்தில் ஏறாமல் என்னோடு பின்னால் ஏறினார்.

அந்த வாரமே இவர் ஊருக்குப் போனார். விமான நிலையத்தில் நான் அழுதேன், அவர் அழவில்லை, துவாயால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மாசியில் பிள்ளை பிறந்தது. மகள் வலியில் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்துபோனது. நின்றது எவ்வளவு நல்லது என்று அப்போது நினைத்தேன்.

ஒவ்வொரு நாளும் விடிய எழும்பியதும் ஊருக்குப் போன் எடுப்பேன். முந்தி எல்லாம் தொலைபேசியில் இவரோடு கதைப்பது பெரிய தண்டனை. மழை பெய்தது, பெய்யவில்லை, சரி வையும் என்பார். ஆனால் அந்த வாங்கில் வைத்து ஒரு தடவை கேட்டதிலிருந்து மனிதருக்குக் கேட்கிற ருசி பிடித்துவிட்டது.

"குளிசை போட்டனியளோ?"

"போட்டன். எப்ப வாறீர்?"

"இப்பதானே பிள்ளை பிறந்தது."

"சரி. நாளைக்குக் கேக்கிறன்."

அடுத்த நாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாளும். பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கவேண்டும், பிள்ளைக்குச் சளி, மகளுக்கு இடுப்பு நோ என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஓம் ஓம் என்று கேட்டுவிட்டுக் கடைசியில் எப்ப வாறீர் என்றுதான் வைப்பார். பக்கத்தில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு மகள் சிரிப்பாள். "அப்பாவுக்கு என்னம்மா நடந்தது?" என்பாள். மலையில் குளிர் ஏறிவிட்டது என்பேன்.

பங்குனிக் கடைசியில் ரிக்கற் சரிவந்தது. அன்று காலை போன் எடுத்தேன். குளிசை போட்டனியளோ என்று வழமை போலக் கேட்டேன். போட்டன், எப்ப வாறீர் என்று அவரும் வழமை போலக் கேட்டார்.

"வாற வெள்ளி வாறன்" என்றேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், அறவில்லை. தூரத்தில் எங்கள் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அதைவிடக் கிட்ட, யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"இருக்கிறியளோ?" என்றேன்.

"இருக்கிறன்" என்றார். "திரும்ப ஒருக்காச் சொல்லும்."